ஒரு மாமரம்... ஒரு கோயிலின் பெயர்!

ஆயுத பூஜை வந்தால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் கோடி ரூபாய் இயந்திரத்துக்கும் மாவிலைத் தோரணம்தான். மாமரத்துக்கு நம்மவர்கள் எவ்வளவு மரியாதை வைத்திருந்தார்கள் என்பதைப் பார்க்க, பக்கத்திலிருக்கும் காஞ்சிபுரம் வரை போனால் போதும்.

ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பெயரே மாமரத்தால் வந்ததுதான். 'ஏக ஆம்ரம்' என்றால் ஒற்றை மாமரம். அதன் அடியில் மணலால் லிங்கம் பிடித்துத் தவமிருந்தாராம் பார்வதி. கம்பை ஆறு பெருக்கெடுத்து வர, லிங்கம் கரைந்துவிடுமே என்று பதறி, மார்போடு அணைத்துக் காப்பாற்றினார். அதனால் சிவனுக்குத் 'தழுவக் குழைந்தார்' என்றும் பெயர். பஞ்சபூதத் தலங்களில் இது மண்ணுக்கு உரியது. மூலவர் திருமேனிக்கு இன்றும் தண்ணீர் அபிஷேகம் கிடையாது.

தலமரமான மாவுக்கு 3,500 வயது, நான்கு கிளைகள் நான்கு வேதங்கள், கனிகளின் சுவையும் நான்கு என்பது பக்தர்களின் நம்பிக்கை. மரத்தின் வயது நம்பிக்கை. பெயரின் பழமை வரலாறு. கிருஷ்ணதேவராயர் 1509-ல் ராஜகோபுரம் எழுப்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அப்பரும் சம்பந்தரும் 'ஏகம்ப'த்தைப் பாடிவிட்டார்கள்.

சாலையை அகலப்படுத்தினால் முதலில் விழுவது மரம்தான். இங்கோ, மரத்தை நடுவில் வைத்துக் கோயிலே வளர்ந்திருக்கிறது. வார விடுமுறையில் போனால், மூலவரோடு அந்த மரத்தையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள்!