சாளரமா, சுவரில் தீட்டிய சித்திரமா?



இருமொழிக் கொள்கையை நாம் எடுத்துரைக்காத மேடையில்லை. 1965இல் மாணவர் படை வீதிக்கு வந்ததும், 1968 ஜனவரி 23ஆம் நாள் தமிழும் ஆங்கிலமுமே நமக்குப் போதுமெனச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதும் நம் குருதியிலே கலந்துவிட்ட வரலாறு. தமிழ் நமக்கு வீடு. ஆங்கிலம் உலகைக் காணும் சாளரம் என்றோம். சொன்னது சரியே. ஆயினும், அந்தச் சாளரம் ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தோமா? பள்ளியிறுதி ஆண்டுகளிலே, பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புகளிலே, ஆங்கில இலக்கியம் படும் பாட்டைக் கண்டவர்கள், அது சாளரமன்று, சுவரிலே தீட்டிய சாளரத்தின் சித்திரம் என்றே சொல்வர்.

பாடநூலைக் குறை கூற எழுதவில்லை. 2018, 2019 ஆண்டுகளில் வெளிவந்த மேல்நிலை வகுப்பு ஆங்கில நூல்களைப் புரட்டிப் பாருங்கள். ஷேக்ஸ்பியர் இருக்கிறார், டென்னிசன் இருக்கிறார். நைஜீரிய நாட்டுக் கவிஞர் காப்ரியேல் ஒகாரா இருக்கிறார். வங்கம் ஈன்ற தோரு தத் இருக்கிறார். கரிசல் காட்டுக் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கில உடையணிந்து வந்து அமர்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேரறிஞர் அண்ணாவின் பட்டமளிப்பு விழாப் பேருரை பதினோராம் வகுப்பிலே பாடமாக வைக்கப்பட்டது. இலைபோட்டுப் பரிமாறியாகிவிட்டது. ஆனால், உண்பதற்கு நேரமில்லை என்று பிள்ளையை எழுப்பிவிடுகிறார்களே, அதுதான் நம் வழக்கு!

எழுப்பிவிடுவது யார்? ஆசிரியரா? அல்லர். கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. பொறியியற் கல்லூரியில் இடம் வேண்டுமா? கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் மதிப்பெண்களே தரவரிசைக்குச் சேரும். மருத்துவமா? அதற்கு மாநிலத்தின் உரிமையைப் பறித்துக்கொண்டு 'நீட்' நிற்கிறது. இரண்டிலும் ஆங்கிலத் தாளில் ஒருவன் பெற்ற மதிப்பெண்ணுக்கு எடை ஏதுமில்லை. தேறினால் போதும், தேறுவதற்கு 35 போதும். முன்பு இரண்டு தாள்களாக இருந்த மொழிப் பாடம், 2018-19ஆம் கல்வியாண்டு முதல் ஒரே தாளாயிற்று. மாணவர் சுமை குறைந்தது; வரவேற்கலாம். ஆனால், குறைந்த சுமையால் மிஞ்சிய நேரம் படிப்பதற்குப் போயிற்றா, பயிற்சித் தேர்வுக்குப் போயிற்றா? விடை ஊரறிந்தது.

ஆகவே, பாட்டு வருகிறது, பொருள் இரண்டு வரியில் சொல்லப்படுகிறது, வினா எழுதப்படுகிறது, 'கைடு' தந்த விடை உருவேற்றப்படுகிறது. 'மெல்லக் கற்போர்' என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளைக்கோ கையடக்கச் சுருக்கம் ஒன்று. அதிலே இலக்கணத்தில் சில, கடிதத்தில் ஒன்று, மனப்பாடப் பாட்டில் சில அடிகள். தான் கற்றுவிட்ட பொய்ச் சிரிப்பை மறந்து, மெய்யாகச் சிரிப்பதைத் தன் மகனிடமே கற்க வேண்டுமென்று ஏங்குகிற தந்தையை ஒகாரா படைத்தார். அந்தத் தந்தையின் ஏக்கம் எத்தனை மதிப்பெண் வினா என்பதே வகுப்பறையில் எழும் கேள்வி!

இதே நாட்டில், இதே வயதுப் பிள்ளைகள் சிலருக்கு வேறு பந்தி விரிக்கப்படுகிறது. ஐ.எஸ்.சி. பாடத்திட்டத்திலே பயிலும் பிள்ளைக்கு ஆங்கில மொழிக்கு ஒரு தாள், ஆங்கில இலக்கியத்துக்கு ஒரு தாள். ஷேக்ஸ்பியரின் ஒரு பேச்சையன்று, நாடகத்தையே முழுமையாகப் படிக்கிறான். இங்கிலாந்திலே, பள்ளியின் கடைசி இரண்டாண்டுகளில் இலக்கியத்தை விரும்பி எடுப்போர், 2015இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி குறைந்தது எட்டு நூல்களைப் பயில வேண்டும். மூன்று நூல்கள் 1900க்கு முற்பட்டவை, அவற்றுள் ஒன்று ஷேக்ஸ்பியர் நாடகம். ஒரு நூலேனும் 2000க்குப் பிற்பட்டது. மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு, மாணவன் தானே எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கு. பாத்திரம் செய்தது நியாயமா? ஆசிரியன் மறைத்தது எதை? இந்தச் சொல்லை ஏன் இட்டான்? இவற்றுக்குத் தன் அறிவால் விடை தேடப் பழகுகிறான்.

நம் பிள்ளைக்கு என்ன சொல்லப்படுகிறது? "உனக்கு இலக்கியம் எதற்கு? நான்கு வார்த்தை ஆங்கிலம் பேசத் தெரிந்தால் வேலை கிடைக்கும்" என்று பரிவோடு பேசுகிறார்கள். பரிவுதான், ஆனால் அந்தப் பரிவுக்குள்ளே பழைய வருணத்தின் வாடை வீசுகிறது! கட்டளையிடப் போகிறவனுக்கு இலக்கியம். கட்டளையைப் புரிந்துகொள்ள வேண்டியவனுக்குப் பேச்சுப் பயிற்சி. பேசத் தெரிவது வேண்டும், எவர் மறுத்தார்? ஆனால் எதைப் பேசுவது, யாரை எதிர்த்துப் பேசுவது என்ற தெளிவை உரையாடல் பயிற்சியா தரும்?

ஆங்கில இலக்கியம் நமக்கு அன்பளிப்பாக வந்ததன்று என்பதையும் அறிவோம். மெக்காலேயின் குறிப்பு 1835இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் எழுந்தது. ஆக்ஸ்போர்டிலே ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பட்டப்பிரிவு தொடங்கியது 1894இல், கேம்பிரிட்ஜிலே 1917இல். தன் புகழ்மிக்க கலாசாலைகளில் தனியிடம் தருவதற்கு முன்பே, ஆண்டவன் அதை அடிமைக்குப் பாடமாக்கினான். விசுவாசமுள்ள எழுத்தர் வேண்டுமென்று விதைத்தான். விளைந்தது என்ன? 1916இல் பிறந்த தென்னிந்திய நல உரிமைச் சங்கத்துக்கு மக்களிடையே நிலைத்த பெயரே, அது நடத்திய 'ஜஸ்டிஸ்' என்னும் ஆங்கில நாளேட்டின் பெயர். 1962இல் மாநிலங்களவைக்குச் சென்ற அண்ணா, திராவிட இனத்தின் உரிமையைத் தலைநகரில் எடுத்துரைத்தது ஆங்கிலத்தில். கட்டிப்போடக் கொண்டுவந்த கயிற்றைக் கிணற்றில் இறக்கி நீர் இறைத்துக்கொண்டவர்கள் நம் முன்னோர்.

"ஆங்கில இலக்கியத்தில் தோய்ந்தால் தமிழ் தேயாதா?" என்று சிலர் கேட்பர். அவர்களுக்கு ஒரே விடை: பேராசிரியர் சுந்தரனார். லிட்டன் எழுதிய ஆங்கிலக் கதைப்பாட்டைப் படித்தார். அந்தக் கதையைத் தழுவி 1891இல் 'மனோன்மணீயம்' தந்தார். அந்நாடகத்தின் வாழ்த்துப் பகுதிதான் 1970இல் அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கத் தொடங்கியது. 2021இல் மாநிலப் பாடலாயிற்று. பம்மல் சம்பந்தனார் ஹாம்லெட்டை 'அமலாதித்ய'னாக்கித் தமிழ் மேடையில் நடக்கவிட்டார். ஆங்கிலத்தை ஆழப் பயின்றவர் தமிழுக்கு அணி சேர்த்தனர்.

"ஒரு வாக்கியம் பிழையின்றி எழுதத் தெரியாத பிள்ளைக்கு ஷேக்ஸ்பியரா?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான ஐயம். ஆனால், இலக்கணச் சூத்திரத்தை உருவேற்றியா நாம் தமிழ் கற்றோம்? கதை கேட்டுக் கற்றோம். பாட்டுக் கேட்டுக் கற்றோம். எளிய நடையில் எழுதிய முழுச் சிறுநூல் ஒன்றை ஆசிரியர் உரக்கப் படிக்கட்டும். பிள்ளைகள் தமிழிலேயே வாதிடட்டும். பின்னர் தெரிந்த ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதட்டும். பிழை இருக்கும், இருக்கட்டுமே! சொந்தமாகச் செய்த பிழை, இரவல் வாங்கிய விடையினும் மேல்.

ஆகவே, ஆட்சிப் பொறுப்பில் இருப்போர் எவராயினும் அவர்முன் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. சிறப்புத் தமிழைப் போலவே, விரும்பும் அரசுப் பள்ளி மாணவர் ஆங்கில இலக்கியத்தையும் தனிப்பாடமாகத் தேர்ந்து படிக்க வழி வேண்டும். பொதுத்தேர்வில், 'கைடு' பார்த்து எழுத முடியாதபடி, படித்த பாடத்தைப் பற்றிய சொந்தக் கருத்தைக் கேட்டு, எக்கருத்தாயினும் காரணம் காட்டினால் மதிப்பெண் தரும் வினா வேண்டும். ஆண்டுக்கு ஒரு முழுநூலையேனும் வகுப்பிலே படித்து முடிக்கும் பாடவேளை, வேறு தேர்வுக்குத் தின்னக் கொடுக்கப்படாமல் காக்கப்பட வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. இந்த இயக்கம் வளர்ந்ததே படிப்பகங்களில். ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத இருபது பேர் சுற்றியமர்ந்து கேட்டு, கேட்டதை வாதிட்டு, வாதிட்டதை ஊருக்குச் சொல்லி எழுப்பிய மாளிகை இது! அந்தப் படிப்பகங்களில் பல இன்று பெயர்ப்பலகையும் பூட்டுமாக நிற்கின்றன. பூட்டைத் திறவுங்கள். கிளைதோறும் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், ஊரிலே ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரை அழைத்து அமர்த்துங்கள். பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரட்டும். முதல் நாள் பாடமாக, அவர்கள் பையிலேயே கிடக்கும் அண்ணாவின் உரையை எடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணுக்காக அன்று, அதில் எதை ஏற்கிறாய், எதை மறுக்கிறாய் என்று கேட்பதற்காக.

மறுக்கத் துணியும் பிள்ளை ஒருவன் எழுந்து நின்றால், அன்றைக்கு அந்த ஊரிலே சாளரம் திறந்தது என்று கொள்க!