கவனம் யாருக்காக?

'ஸென்' என்ற சொல் இப்போது மிகவும் மலிந்துவிட்டது. ஊதுவத்திப் பெட்டியின் மேல் இருக்கிறது; மூச்சை எண்ணச் சொல்லும் கைப்பேசிச் செயலிகளில் இருக்கிறது; ஊழியர்களைப் பகலெல்லாம் கசக்கிப் பிழிந்துவிட்டு, பதற்றம் தீர மாதம் ஒரு முறை தியான வகுப்பு வைக்கும் கம்பெனிகளின் அறிவிப்புப் பலகையிலும் இருக்கிறது. இந்தக் கணத்தில் இரு, மனம் அமைதியாகும் என்பதுதான் இவை எல்லாம் செய்யும் உபதேசம். இந்த உபதேசத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. கவனிப்பது மட்டுமே ஒரு தர்மம் ஆகிவிடாது என்பது என் கட்சி.

முதலில் எதிர்க்கட்சிக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். 1979-ல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழக வைத்தியக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் என்பவர், தீராத வலியோடு அல்லாடியவர்களுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார். பௌத்த தியானத்திலிருந்து சமயத்தைக் களைந்துவிட்டு எடுத்த பயிற்சி அது. பலருக்கு உதவியிருக்கிறது. வலியில் துடிப்பவனிடம் போய்த் தத்துவம் பேசுகிறவன் மூடன். அந்த மருந்தின்மேல் எனக்கு வழக்கில்லை. மருந்தையே வாழ்க்கை நெறி என்று விற்கிறார்களே, அதன்மேல்தான் வழக்கு.

அசல் சரக்கு எப்படி இருந்தது என்று பார்ப்போம். 1223-ல் ஜப்பானியத் துறவி டோகென் தமது 23-ஆம் வயதில் சீனத்துக்குக் கப்பல் ஏறினார். துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது, ஒரு மடத்தின் கிழட்டுச் சமையல்காரத் துறவி காளான் வாங்குவதற்காக வெகுதூரம் நடந்து வந்தார். இரவு தங்கிப் போகும்படி டோகென் வேண்டினார். நாளைச் சமையலுக்கு நான் போயாக வேண்டும் என்று கிழவர் மறுத்துவிட்டார். தள்ளாத வயதில் தியானத்தில் உட்காராமல் அடுப்படியில் ஏன் உழல வேண்டும் என்று இளைஞர் கேட்டார். கிழவர் சிரித்தார். சாதனை என்றால் என்னவென்று உமக்கு இன்னும் விளங்கவில்லை என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அந்தச் சிரிப்பு டோகெனை லேசில் விடவில்லை. ஊர் திரும்பிய பின், 1237-ல், மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசி களையும்போது மணல் கிடக்கிறதா என்று தானே பார்க்க வேண்டும்; ஒரு மணிகூட வீணாகக் கூடாது; மட்டமான கீரையையும் உயர்ந்த பண்டத்தையும் ஒரே சிரத்தையோடு சமைக்க வேண்டும். இதை இன்று எல்லாரும் சொல்லிப் பரவசப்படுகிறார்கள். அதே நூலில் சமையல்காரர் ஒரு கணக்கும் போட வேண்டியிருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. இன்று மடத்தில் எத்தனை பேர், நோயாளிகள் எத்தனை பேர், முதியவர்கள் எத்தனை பேர், எல்லாருக்கும் போதுமா? அவருடைய கவனம் அரிசியோடு நின்றுவிடாமல் பிறர் பசி வரைக்கும் போகிறது.

இந்தக் கணக்கை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அதற்குச் சரித்திரம் பதில் வைத்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் டாகுவான் என்ற ஸென் துறவி, வாள் வித்தையில் பேர்போன யக்யூ முனேனோரிக்கு, மனத்தை எதிலும் தங்கவிடாமல் இருப்பதைப் பற்றி எழுதினார். மனம் எங்கும் தங்காவிட்டால் கை தயங்காமல் வெட்டும். 20-ஆம் நூற்றாண்டில் அதே வித்தை ராணுவத்துக்குப் பயன்பட்டது. இரண்டாம் உலக யுத்தம் முடியும்வரை பெயர்பெற்ற ஸென் ஆசான்கள் பலர் ஜப்பானின் யுத்தத்தை வாழ்த்தினார்கள். ஸென் சபைகள் போர் விமானங்களுக்கு நிதி திரட்டின. இவர்கள் தியானம் பழகாதவர்களா? ஆயுள் முழுவதும் மூச்சைக் கவனித்தவர்கள். தங்கள் மூச்சு தெரிந்தது. 1937-ல் நான்கிங்கில் செத்தவர்களின் மூச்சு தெரியவில்லை. பிரையன் விக்டோரியா என்ற ஸென் துறவியே 1997-ல் இதையெல்லாம் நூலாக எழுதி வெளியிட்டார். மியோஷின்ஜி சபை 2001-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

அந்த ஆசான்களுக்கு ஏகாக்ரம் குறைவில்லை. ஆத்ம பரிசோதனைதான் குறைந்துபோயிற்று. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கவனிக்க ஒரு திறமை போதும். இதை நான் செய்யலாமா என்று கேட்க மனசாட்சி வேண்டும்.

பாத்திரம் கழுவும்போது பாத்திரத்தையே கழுவுங்கள் என்று உலகத்துக்கெல்லாம் சொன்னவர் வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான். 1975-ல் ஆங்கிலத்தில் நூலாக வந்த அந்தப் போதனையை அவர் முதலில் யாருக்கு எழுதினார் தெரியுமா? யுத்தத்தின் நடுவே, குண்டு விழுந்த கிராமங்களில் சேவை செய்துகொண்டிருந்த தம் தோழர்களுக்கு. சமாதானம் பேசிய குற்றத்துக்காக 1966 முதல் 2005 வரை அவரால் தாய்நாட்டில் கால் வைக்க முடியவில்லை. கஷ்டத்தின் நடுவில் நிற்பவர்கள் நிலைகுலையாமல் இருப்பதற்காகச் சொன்னதை, கஷ்டத்தின் பக்கமே திரும்பாமல் இருப்பதற்கு நாம் பயன்படுத்துகிறோம்.

போதிதர்மர் காஞ்சிக்காரர் என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். அது ஐதீகம், இருந்துவிட்டுப் போகட்டும். நம் வீட்டுக்கு வருவோம். பாத்திரம் கழுவும் அத்தியாயத்தைப் படித்து உருகும் குடும்பத் தலைவர், தாம் சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள் என்று கவனித்ததுண்டா? காலைக் காப்பியின் மணத்தையும் சூட்டையும் கண்மூடி அனுபவிக்கிறார், சரி. ஐந்து மணியிலிருந்து அடுக்களையில் நிற்கிறவள் இன்னும் ஒரு வாய் காப்பி குடித்தாளா என்று கேட்டதுண்டா? ஆபீசிலும் இதே கதைதான். ராத்திரி ஒன்பது மணி வரை வேலை வாங்கும் அதிகாரி, ஊழியனின் பதற்றத்துக்கு அவன் சரியாக மூச்சு விடாததுதான் காரணம் என்று நம்புகிறார்.

தியானம் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் எழுந்திருக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: இன்று என் அமைதிக்கு யார் விலை கொடுத்தார்கள்? அந்தக் கேள்வியில் அமைதி குலைந்தால் குலையட்டும். எழுந்து போய்த் தட்டைக் கழுவலாம்.