கரடி பொய் சொல்லவில்லை

பசுவுக்குச் சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்தால், ஏறக்குறைய 280 நாளில் கன்று தரையில் கிடக்கும். கரடியிடம் இந்தக் கணக்கு செல்லாது.

2014 ஆகஸ்டில் சீனாவின் செங்டுவில் ஐ ஹின் என்ற பாண்டாக் கரடியின் பிரசவத்தை நேரலையில் காட்ட ஏற்பாடுகள் நடந்தன. தீனி குறைந்தது, நடமாட்டம் குறைந்தது, ஹார்மோனும் ஏறியது. பிறகு ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குத் திரும்ப, வயிற்றில் குட்டியே இல்லை என்று தெரிந்தது. ஏசி அறைக்கும் கூடுதல் பழத்துக்கும் ஆசைப்பட்டு நடித்துவிட்டது என்று செய்தி உலகமெங்கும் சுற்றியது.

அபாண்டம். கருமுட்டை வெளிப்பட்டுவிட்டால், கரு தங்கினாலும் தங்காவிட்டாலும் பாண்டாவின் உடலில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏறத்தான் செய்யும். பசி மந்தமாவதும் சோம்பிக் கிடப்பதும் அதன் கூடவே வருபவை. இதில் நடிப்புக்கு இடமேது?

நாள்கணக்கு பிசகுவதும் கரடியின் குற்றமல்ல. கோளாறு, இணைந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கும் நம் வழக்கத்தில் இருக்கிறது. கோடையில் இணையும் பழுப்புக் கரடியின் கரு, குண்டூசித் தலையளவு வளர்ந்ததும் நின்றுவிடும். கருப்பைச் சுவரில் ஒட்டாமல் மாதக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அதற்குள் தாய் தின்று கொழுக்க வேண்டும். குளிர்காலக் குகையில் பட்டினி கிடந்தபடியே பாலூட்டப் போகிறவள் அல்லவா?

அப்படியானால் சினைக்காலத்தை எப்படித்தான் அளப்பது? சுவீடன் ஆய்வாளர்கள் காட்டுக் கரடிகளின் வயிற்றுக்குள் சிறு வெப்பப் பதிவுக் கருவிகளை வைத்தார்கள். கரு ஒட்டியதும் தாயின் உடல்சூடு கூடுகிறது. குட்டி போட்டதும் இறங்குகிறது. ஏறிய நாள் சராசரியாக டிசம்பர் 1, இறங்கிய நாள் ஜனவரி 26. உண்மையான சினைக்காலம் 56 நாள்தான்! அதுவும் கரடிக்குக் கரடி பெரிதாக மாறவில்லை. குகைக்குள் யாரும் எட்டிப் பார்க்காமலே கிடைத்த கணக்கு இது.

பாண்டாவிடமும் இதே கதைதான். வாஷிங்டன் உயிரியல் பூங்காவின் மெய் சியாங் பாண்டாவுக்கு 2015இல் ஏப்ரல் 26, 27 தேதிகளில் செயற்கைக் கருவூட்டல் நடந்தது; ஆகஸ்ட் 22இல் ஈன்றது. 2020இல் மார்ச் 22 தொடங்கி ஆகஸ்ட் 21 வரை, 152 நாள். அதே தாய், அதே கருப்பை, ஒரு மாதத்துக்கும் மேல் வித்தியாசம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஹார்மோன் ஏறியதுமே ‘விரைவில் நற்செய்தி’ என்று கேமராக்களை வரவழைப்பது வெறும் விளம்பர அவசரம். ஸ்கேனில் கரு தெரியும்வரை பூங்காக்கள் வாயைத் திறக்காமல் இருக்கலாம். காத்திருப்பதால் பெரிய நஷ்டமும் இல்லை: 2020இல் மெய் சியாங்கின் கரு ஸ்கேனில் தட்டுப்பட்டதே ஆகஸ்ட் 14இல்தான். அடுத்த வாரம் அதே கிழமை, மாலை 6.35க்குக் குட்டி பிறந்துவிட்டது.