பாட்டனார் திரும்பியது எந்த ஆண்டு?

சகோதரனே! "பாட்டனார் ரங்கூனில் கடை வைத்திருந்தார், நிர்வாகம் தெரியாமல் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்" என்று உன் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். எந்த ஆண்டு வந்தார் என்று கேட்டாயா?

1942 என்றால், ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்த ஆண்டு. லட்சக்கணக்கானோர் காடு மலை தாண்டி நடந்தே வந்தனர். வழியில் மௌத்தானவர்கள் ஏராளம்.

1964 என்றால், நே வின்னின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கிய ஆண்டு. அவ்வாண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்றார்கள். கல்லாப்பெட்டியில் இருந்தது வெறும் காகிதம்! இதில் பாட்டனாரின் நிர்வாகம் எங்கே வந்தது?

கடையைத் தொலைத்தவர் என்ற பழியோடு அவரைக் கப்ரில் வைத்திருக்கிறோம். பழைய பாஸ்போர்ட்டைத் தேடு. வீட்டு மூத்த பெண்களிடம் கேள். ஆண்டு சொல்லமாட்டார்கள், "உன் வாப்பாவுக்கு சுன்னத் செய்த வருஷம்" என்பார்கள். அதிலிருந்து கணக்குப் போடு.