உள்ளே போன நிறமா, மேலே உட்கார்ந்த நிறமா?

சிதம்பரம் நடராசர் கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் பொன்னம்பலத்தைத் தரிசித்த கையோடு கிளம்பிவிடுகிறார்கள். சிவகங்கைக் குளத்துக்கு மேற்கே இருக்கும் சிவகாமசுந்தரி அம்மன் சந்நிதி வரை நடப்பவர்களிலும், முன்மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் கொஞ்சம் கழுத்து வலிக்கும். ஆனால், கூரையில் ஒரு கதைப்புத்தகமே விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. தாருகாவனத்துக்குள் பிச்சாடனராக நுழையும் சிவன், மோகினியாக வரும் திருமால், தடுமாறும் முனிவர்கள் என்று பட்டை பட்டையாகக் கதை நகர்கிறது. 17ஆம் நூற்றாண்டு, நாயக்கர் காலத்து வேலை.

இந்தக் கூரையைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பகிர்கிறவர்கள் கீழே எழுதும் முதல் சொல் ‘பிரெஸ்கோ’. சுவரில் எது இருந்தாலும் பிரெஸ்கோ என்று சொல்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. சுவரிலோ கூரையிலோ தீட்டப்பட்ட எல்லா ஓவியத்துக்கும் பொதுப்பெயர் ‘ம்யூரல்’, அதாவது சுவரோவியம். பிரெஸ்கோ அதில் ஒரு வகைதான். சொல் மாறினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். ஓவியமே கெட்டுப்போகும். அது எப்படி என்று புரிய, முதலில் சுண்ணாம்பைப் பற்றித் தெரிய வேண்டும்.

நீற்றிய சுண்ணாம்பைக் காரையாகப் பூசினால், அது காய்ந்து வரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக மாறுகிறது. அந்த ஈரம் இருக்கும்போதே, தண்ணீரில் குழைத்த காவியையோ கரியையோ தீட்டினால் நிறமும் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். பசை எதுவும் வேண்டாம். இதுதான் அசல் பிரெஸ்கோ; தமிழில் ஈரப்பூச்சு ஓவியம் என்று சொல்லலாம். இதில் சிரமம் என்னவென்றால், காரை காய்வதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் காரை பூசுவார்கள். ரோமில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை இப்படித்தான் துண்டு துண்டாக வரைந்தார்.

காரை நன்றாகக் காய்ந்த பிறகு வரைவது இன்னொரு முறை. இதற்குப் பெயர் ‘செக்கோ’, உலர்பூச்சு. இங்கே நிறம் தானாக ஒட்டாது. பிசின், வச்சிரம், முட்டை என்று ஏதாவது பசை கலக்க வேண்டும். அப்படிப் பசை கலந்த வண்ணத்தைத்தான் ‘டெம்பரா’ என்கிறார்கள். பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடிக்கும்போது சட்டையில் ஒட்டாமலிருக்கப் பசை சேர்ப்பதும் இதே யோசனைதான். உலர்பூச்சில் அவசரம் கிடையாது. நிதானமாக நகை நகையாக, பூப்பூவாக நுணுக்கம் சேர்க்கலாம். ஆனால் நிறம் மேலே உட்கார்ந்திருக்கிறதே தவிர உள்ளே போகவில்லை. பசை செத்தால் நிறம் உதிரும்.

இதற்கு உலகறிந்த சாட்சி மிலான் நகரில் இருக்கிறது. நிதானமாக வேலை செய்ய விரும்பிய லியனார்டோ டா வின்சி, ‘கடைசி விருந்து’ ஓவியத்தைக் காய்ந்த சுவரில் வரைந்தார். 1498 வாக்கில் முடித்தார். அவர் காலத்திலேயே அது உதிரத் தொடங்கிவிட்டது. கடைசியாக நடந்த சீரமைப்பு மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்து 1999இல்தான் முடிந்தது.

இரண்டு முறைகளும் ஒரே சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த கதை நம் பக்கமே உண்டு. 1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியர் எஸ்.கே.கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையில், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் அடியில் வேறொரு ஓவியம் தெரிவதைக் கண்டார். அது சோழர் கால ஓவியம். மேலடுக்கு உதிர்ந்துகொண்டிருக்க, அதைவிட அறுநூறு ஆண்டு மூத்த கீழடுக்கு கிடந்தபடி கிடந்தது. பிறகு அதை ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ்.பரமசிவன், சோழர் அடுக்கு ஈரப்பூச்சு என்று முடிவு செய்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறை நாயக்கர் அடுக்கையும் வீணாக்காமல், பக்குவமாக உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டிக் காப்பாற்றியது. அபாரமான வேலை அது.

வேடிக்கை என்னவென்றால், சிதம்பரத்துக்காரர் கண்டெடுத்த அந்தச் சோழர் ஓவியங்களில் ஒன்றில் இருப்பதே தில்லைதான். பொன்னம்பலத்தில் ஆடும் கூத்தபிரானை அரசனும் தேவியரும் வணங்கும் காட்சி அது.

அந்தப் படத்தையும் சிவகாமி அம்மன் சந்நிதிக் கூரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘பாணி’ என்ற சொல்லின் பொருள் விளங்கிவிடும். சோழர் ஓவியத்தில் முகங்கள் முக்கால்வாசி திரும்பியிருக்கும். கோடு மென்மையாக ஓடி, கன்னமும் தோளும் உருண்டு தெரியும். நாயக்கர் ஓவியத்தில் முகம் பெரும்பாலும் பக்கவாட்டில், கூர்மூக்கும் பெரிய கண்ணுமாக இருக்கும். பின்னணி தட்டையான சிவப்பு. சேலையின் கட்டமும் கரையும் ஆளைவிட முக்கியம் என்பதுபோல் தீட்டியிருப்பார்கள். ஒரே பட்டையில் அதே ஆள் நாலு முறை வருவார். அது தவறல்ல, கதையை வரிசையாகச் சொல்லும் உத்தி, தொடர்சித்திரம். சோழர் பாணி உயர்ந்தது, நாயக்கர் பாணி சரிவு என்று எழுதுவோர் உண்டு. அழகு வேறு, கதை சொல்லும் வேகம் வேறு. சினிமா பார்த்துப் பழகிய கண்ணுக்கு நாயக்கர் கூரைதான் சீக்கிரம் பிடிபடும்.

உள்ளே போகும் நிறத்துக்கு இன்னொரு நல்ல உதாரணத்துக்கு, சிதம்பரத்திலிருந்து கடலூர்ச் சாலையைப் பிடிக்க வேண்டும். பரங்கிப்பேட்டையும் கடலூரும் ஒரு காலத்தில் துணி ஏற்றுமதித் துறைமுகங்கள். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியதற்கு இந்தக் கரையோரத் துணி வியாபாரமும் ஒரு காரணம். அதில் பேர்போனது எழுதுகோலால் வரைந்த சாயத்துணி. இன்று ‘கலம்காரி’ என்கிறோம்.

துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். பாலின் கொழுப்பு, வரையும் கோடு பரவாமல் பார்த்துக்கொள்ளும். இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரால் கோடு போட்டால், கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து அது கருக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவிச் சாயவேரோடு கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும். படிகாரம் போன்ற இந்தப் பொருளுக்கு ‘மார்டன்ட்’ என்று பெயர். நிறத்தையும் நூலையும் கட்டிப்போடும் தரகர். துவைத்தாலும் போகாத இந்த நிறத்தைப் பார்த்துத்தான் ஐரோப்பா மயங்கியது. உள்ளூர் நெசவாளர்கள் பிழைக்க முடியாது என்று பிரான்ஸ் 1686இல் இந்தியச் சாயத்துணிக்குத் தடையே போட்டது.

கூரைக்குத் திரும்புவோம். நாயக்கர் காலச் சுவரோவியங்கள் பெரும்பாலும் உலர்பூச்சு வகை. பிரெஸ்கோ என்று நம்பிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தால் புகைக்கறையோடு பசையும் நிறமும் சேர்ந்தே வரும். மழைநீர் கசிந்தால் பசை விட்டுப்போகும். திருப்பணியின்போது பழைய ஓவியத்தின் மேல் வெள்ளையடித்த ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய. எனாமல் வண்ணத்தால் ‘புதுப்பித்த’ ஊர்களும் உண்டு. எனாமல் சுவரின் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் காரைக்குப் பின்னால் தேங்கி, கடைசியில் புது வண்ணமும் பழைய ஓவியமும் காரையோடு பெயர்ந்து விழும்.

முறை தெரிந்த பாதுகாப்பு நிபுணர்கள் இதில் கை வைக்கும் விதமே வேறு. முதலில் கசிவை அடைப்பார்கள். பெயர்ந்து நிற்கும் செதிலின் மேல் மெல்லிய காகிதத்தை ஒற்றி, பின்பக்கம் ஊசியால் பசை செலுத்தி, மெதுவாக அழுத்தி உட்கார வைப்பார்கள். உள்ளங்கை அளவு இடத்துக்கு அரை நாள் போகலாம். உதிர்ந்துபோன இடத்தில் புதிதாக மூக்கோ கண்ணோ வரையமாட்டார்கள்; உறுத்தாத ஒரு மங்கல் நிறத்தை மட்டும் நிரப்பிவிட்டு நகர்வார்கள்.