இருநூறாவது இடத்தின் மதிப்பு

டென்னிஸ் என்றதும் பெடரர், நடால், ஜோக்கோவிச் ஆகிய பெயர்களே பலரின் நினைவுக்கு வருகின்றன. இவர்களின் வெற்றிகளைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள், தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர் என்றாலே பெரும் பணக்காரர் என்று எண்ணிவிடுகின்றனர். உலகத் தரவரிசையில் இருநூறாவது இடத்தில் இருப்பவரின் பெயரோ அவருடைய சொந்த ஊரிலேயே பலருக்குத் தெரிவதில்லை. அவர் தோற்றுப்போனவர் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. இந்த எண்ணம் சரியானதா?

சென்னையைச் சேர்ந்த ராம்குமார் ராமநாதனின் விளையாட்டு வாழ்க்கையைப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். 1994ஆம் ஆண்டில் பிறந்த இவர், இளமையிலேயே ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகருக்குச் சென்று பயிற்சி பெற்றார். 2014ஆம் ஆண்டு சென்னை ஓபன் போட்டியில், அனுபவம் மிக்க சோம்தேவ் தேவ்வர்மனை வீழ்த்திக் காலிறுதிவரை முன்னேறினார். 2017ஆம் ஆண்டு துருக்கியின் அந்தால்யா நகரில் நடந்த போட்டியில், அப்போது உலகின் எட்டாம் நிலையில் இருந்த டொமினிக் தீமை நேர் செட்டுகளில் தோற்கடித்தார். அந்நாளில் ராம்குமாரின் தரவரிசை 222. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் இறுதியாட்டம்வரை சென்று ஸ்டீவ் ஜான்சனிடம் தோற்றார். அதன் பின்னர் அவர் எட்டிய 111ஆம் இடமே ஒற்றையர் பிரிவில் அவர் தொட்ட உச்சம்.

முதல் நூறு இடங்களுக்கும் அவருக்கும் இடையே இருந்தது சிறு இடைவெளிதான். ஆனால், டென்னிஸில் அந்தச் சிறு இடைவெளி ஒரு பெரிய மதிலைப் போன்றது. கிராண்ட் ஸ்லாம் போட்டி ஒவ்வொன்றிலும் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் 128 பேர் ஆடுவர். தரவரிசையில் ஏறத்தாழ முதல் நூறு இடங்களில் இருப்போருக்கு நேரடி வாய்ப்புக் கிடைக்கும். மற்றவர்கள் தகுதிச் சுற்றில் ஆடி, அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் வெல்ல வேண்டும். அப்படி உள்ளே நுழைபவர்கள் 16 பேர் மட்டுமே. ராம்குமார் இந்த வாயிலைப் பல ஆண்டுகளாகத் தட்டினார். 2021ஆம் ஆண்டு விம்பிள்டன் தகுதிச் சுற்றில் முதல் இரண்டு ஆட்டங்களில் வென்றார். மூன்றாம் ஆட்டத்தில் ஐந்து செட்டுகள் போராடித் தோற்றார்.

இத்தகைய தோல்விக்குப் பின் ஆட்டக்காரர் மனத்தை மட்டுமன்று, பணப்பையையும் தேற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. காற்பந்துக் குழுவில் மாற்று ஆட்டக்காரராக அமர்ந்திருப்பவருக்கும் ஒப்பந்தப்படி சம்பளம் உண்டு. பயணச் செலவைக் குழு ஏற்றுக்கொள்ளும். டென்னிஸ் ஆட்டக்காரருக்கு முதலாளி என்று யாரும் இல்லை. விமானச் சீட்டு, தங்கும் விடுதி, பயிற்றுநர் சம்பளம், உடற்பயிற்சி ஆலோசகர், மட்டையின் நரம்பு ஆகிய அனைத்துக்கும் அவரே பணம் கட்டுகிறார். தொழில்முறைப் போட்டிகளின் கடைநிலையில், ஒரு போட்டியின் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 அமெரிக்க டாலர்தான். அதை ஒற்றையரிலும் இரட்டையரிலும் ஆடுவோர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைப்பது ஊர் திரும்பும் செலவுக்கே போதாது. ஆண்டுதோறும் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் 14,000க்கும் மேற்பட்டோரில் ஏறக்குறைய பாதிப் பேர் பரிசுப் பணம் எதையும் பெறுவதில்லை என்பது அனைத்துலக டென்னிஸ் சம்மேளனமே 2017ஆம் ஆண்டு வெளியிட்ட செய்தி.

2023ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரராக இருந்த சுமித் நாகல், தம் வங்கிக் கணக்கில் ஏறத்தாழ 900 யூரோ மட்டுமே மிஞ்சியுள்ளதாக வெளிப்படையாகக் கூறினார். அப்போது அவர் உலகின் முதல் இருநூறு பேரில் ஒருவர். சில மாதங்களுக்குப் பின், 2024 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றைக் கடந்து, தரநிலை பெற்ற அலெக்சாண்டர் புப்லிக்கை வென்றார்.

‘திறமை இருந்தால் மேலே வரட்டும், இல்லாவிட்டால் வேறு வேலை தேடட்டும்’ என்று சிலர் வாதிடலாம். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. விளையாட்டில் எல்லாரும் வெல்ல முடியாது. ஆயினும், திறமை எல்லாரிடமும் ஒரே வயதில் கனிவதில்லை. சென்னையின் மற்றோர் ஆட்டக்காரரான பிரஜ்னேஷ் குணேஸ்வரன், முழங்கால் காயத்தால் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளை இழந்தார். அவர் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். 2019ஆம் ஆண்டு, தமது 29ஆம் வயதில், உலகின் 75ஆம் இடத்தைப் பிடித்தார். காயத்தின்போதே அவர் மட்டையைக் கீழே வைத்திருந்தால் அந்தப் பதக்கம் கிடைத்திருக்காது.

அதே வேளையில், ‘விடாமல் முயன்றால் போதும்’ என்று இளையோருக்கு அறிவுரை கூறுவதும் முழு உண்மையன்று. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். அம்மி நகரும்வரை அடிப்பவரின் சாப்பாட்டுக்கு வழி என்ன என்பதையும் கேட்க வேண்டும். ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பு இதைக் காலந்தாழ்த்தியேனும் உணர்ந்தது. 2024ஆம் ஆண்டு முதல், முதல் 250 இடங்களில் உள்ளோருக்குக் குறைந்தபட்ச ஆண்டு வருமானத்தை உறுதிசெய்யும் திட்டத்தை அது தொடங்கியது. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், 250க்குக் கீழே இருப்போரின் நிலை அப்படியேதான் உள்ளது. அவர்களுக்குக் கைகொடுக்க வேண்டிய பொறுப்பு விளையாட்டுச் சங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் உண்டு.

மாணவரும் பெற்றோரும் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. கல்வியும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சோம்தேவ் தேவ்வர்மன் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பயின்றவாறே 2007, 2008ஆம் ஆண்டுகளில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஒற்றையர் பட்டத்தை வென்றார். அதன் பிறகே முழுநேர ஆட்டக்காரராகி, உலகின் 62ஆம் இடத்தை எட்டினார். விளையாட்டில் கால் பதிக்க விரும்புவோருக்கு இஃது ஒரு பாதுகாப்பான வழி.

ராம்குமாரின் கதையும் விம்பிள்டன் தோல்வியோடு முடிந்துவிடவில்லை. சேலஞ்சர் நிலைப் போட்டிகளில் பலமுறை இறுதியாட்டம்வரை வந்து தோற்ற அவர், 2021 நவம்பரில் பஹ்ரைனின் மனாமா நகரில் அந்நிலையின் முதல் ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரோகன் போபண்ணாவுடன் இணைந்து அடிலெய்டிலும் பூனாவிலும் இரட்டையர் பட்டங்களைக் கைப்பற்றினார். 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், சாகேத் மைனேனியுடன் ஆடி இரட்டையர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இத்தகைய ஒருவரைத் தோற்றவர் என்று எப்படி அழைப்பது?

உலகில் டென்னிஸ் ஆடுவோர் பல கோடிப் பேர். அவர்களுள் இருநூறாவதாக நிற்பவரைச் சமுதாயம் மறந்துவிடுகிறது. அதே சமுதாயம், பாயா ரும்புட்டிலோ அலோர் காஜாவிலோ மாவட்ட அளவில் பூப்பந்து ஆடிவிட்டு வீடு திரும்பும் மாணவியிடம், “முதல் பரிசா?” என்று மட்டுமே கேட்கிறது. இல்லை என்று தலையசைத்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. எத்தனை ஆட்டங்கள் ஆடினாள், யாரை வென்றாள், எங்கே தடுமாறினாள் என்று கேட்டால், அவள் அடுத்த வாரமும் திடலுக்குச் செல்வாள். வெற்றியாளருக்குக் கிண்ணம் கொடுப்பது முறைதான். மற்றவர்களின் உழைப்புக்கு உரிய மதிப்பையும் ஆதரவையும் கொடுப்பது அதைவிட அவசியமானது.