சிசுக்களின் கல்லீரலும் நுண்துளை அறுவைச் சிகிச்சையும்: எமது சபையின் நிலைப்பாடு

வயிற்றை அகலத் திறவாமல், சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திக் கல்லீரலில் அறுவைச் சிகிச்சை செய்யும் லேப்பராஸ்கோப்பி முறை, பெரியவர்களிடம் நிலைபெற்றுக் குழந்தைகளிடமும் பரவி வருவதாலும், "தழும்பில்லாமல் செய்ய இயலுமா?" என்ற பெற்றோரின் கேள்விக்கு வைத்தியர்கள் ஆளுக்கொரு விதமாக விடை கூறுவதாலும், எமது அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது அவசியமாயிற்று.

சர்ச்சை மிகுந்தது பித்தநாள அடைப்பு நோய். ஜப்பானின் செண்டாய் நகரில் 1955-இல் டாக்டர் மோரியோ கசாய் தொடங்கிவைத்த சிகிச்சையில், கல்லீரலின் வாயிலில் நாராக இறுகிப்போன நாளத் திசுவை அகற்றி, அவ்விடத்தில் சிறுகுடலை இணைத்துப் பித்தம் வடிய வழி செய்யப்படுகிறது. அத்திசுவை எந்த ஆழத்தில், எவ்வளவு அகலத்தில் வெட்டுகிறோம் என்பதிலேயே அச்சிசுவின் எதிர்காலம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. இதையே நுண்துளை வழியாகச் செய்ததாக 2002-இல் பிரேசிலிலிருந்து அறிக்கை வந்ததும் உற்சாகம் பெருகியது வாஸ்தவமே. ஆனால் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் முறையாக நடத்தப்பெற்ற ஆராய்ச்சியில், நுண்துளைச் சிகிச்சை பெற்றோருள் சொந்தக் கல்லீரலுடனேயே வாழ்ந்த சிசுக்கள் குறைவாயிருக்கக் கண்டு, அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. அம்முடிவுகள் வெளியான ஆண்டு 2011. பின்னர் ஜப்பானிலும் சீனாவிலும் கைதேர்ந்த சில ஸ்தாபனங்கள் நல்ல பலனைக் காட்டியிருப்பினும், ஒரு சிலரின் அபூர்வ சாமர்த்தியத்தை எல்லா மருத்துவமனைகளுக்கும் பொது விதியாக்குவது நியாயமன்று. ஆகவே இந்நோய்க்குத் திறந்த முறையே இன்றைய விதி என்பது எமது தீர்மானம்.

கட்டிகளின் விஷயம் வேறு. கல்லீரலின் விளிம்பிலோ இடது ஓரப் பகுதியிலோ அமைந்த சிறு கட்டிகளைத் தகுந்த பயிற்சியுள்ளவர் நுண்துளை வழியே அகற்றலாம். பெரு ரத்த நாளங்களை ஒட்டிய கட்டிகளுக்கு அது கூடாது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய 800 மில்லிலிட்டர்தான் என்பதையும், வயிற்றில் நிரப்பும் வாயுவின் அழுத்தம் சிசுவின் சுவாசத்தையும் இருதயத்தையும் பாதிக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. இடையில் திறந்த முறைக்கு மாறுவதைத் தோல்வியென எண்ணுவது வைத்தியரின் வீண் கௌரவமேயன்றி வேறில்லை.

நுண்துளை முறையால் ஐயத்துக்கிடமின்றிப் பிரயோஜனம் அடைந்தவர், குழந்தைக்காகத் தம் கல்லீரலின் இடது ஓரப் பகுதியைத் தானம் செய்யும் தாய் தந்தையரே. 2002-இல் பாரிஸ் மருத்துவர்கள் வெளியிட்ட இவ்வழியை, அனுபவமுள்ள நிலையங்களில் நாம் மனமார ஆதரிக்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: கசாய் சிகிச்சை பிறந்த அறுபது நாட்களுக்குள் செய்யப்பட்டால் பலன் மிகுதி. பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீங்காமலோ, மலம் வெளுத்தோ இருக்குமாயின், தழும்பைப் பற்றி யோசியாது உடனே குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள்.